ஆப்பிரிக்காப் பெரியம்மா

பதினோரு வருடமாக ஆப்பிரிக்காவை மேசைமேல் வைத்துக்கொண்டு பிழைக்கிறவள் அவள். சுற்றுலா அலுவலகத்தில் சஃபாரித் திட்டம் போடுவது வேலை. எந்த மாதம் எந்தப் புல்வெளியில் யானை நிற்கும், குட்டி விமானத்தில் எத்தனை கிலோ பை ஏற்றுவார்கள், கருநீலச் சட்டை போட்டுப் போனால் எந்த ஈ தேடிவந்து கடிக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போனதுதான் இல்லை. கணவரிடம் பேச்செடுத்தபோதெல்லாம் ஒரே பதில்.

"மிருகத்தைப் பாக்க அவ்ளோ தூரம் பறக்கணுமா? எங்க மேனேஜர் ரூமுக்கு வா, காசில்லாமக் காட்டறேன்."

அந்த நகைச்சுவைக்கு அவரே சிரித்து அவரே முடித்துவிடுவார்.

ஆனாலும் அந்தக் குடும்பத்தில் ஆப்பிரிக்கா என்றால் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் கூடினால் நடுக்கொழுந்தனின் மூன்று பிள்ளைகளும் "ஆப்பிரிக்காப் பெரியம்மா, சிங்கம் கதை சொல்லுங்க" என்று மொய்த்துக்கொள்ளும். மருமகளின் சமையல், துணி மடிப்பு, சேமிப்பு என எதற்கும் பாஸ் மார்க் போடாத மாமியார்கூட அப்போது மட்டும் டிவி சத்தத்தைக் குறைப்பார். பெரிய மருமகள் என்ற பெயருக்கு அங்கே கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அதற்குத்தான் வேட்டு வைக்க வந்தாள் கடைசிக் கொழுந்தனின் மனைவி.

சின்னவளுக்கு எதுவும் கேட்காமலே நடக்கும். காற்று வரும் பால்கனி வீடு அமைந்தது. பாத்திரம் கழுவித் தரும் புருஷன் அமைந்தான். பெரியவள் எண்ணெய் எண்ணெயாகத் தடவியும் வளராத முடி, அவளுக்கு இடுப்புக்குக் கீழே. போதாக்குறைக்குக் குணமும் நல்ல குணம், ஒரு குற்றம் சொல்ல வழியில்லை. பெரியவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கே வந்து, வாயெல்லாம் பல்லாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் சின்னவள்.

"அக்கா, ஆகஸ்ட்ல நாங்க ஆப்பிரிக்கா போறோம்! நான் கேக்கவேயில்ல, அவரே போலாம்னு சொல்லிட்டாரு. நீங்க சொல்வீங்களே, அந்தத் தாடிக்கார மாடுங்க ஆத்தைத் தாண்டும், முதலை காலைக் கவ்வும்னு, அதைப் பாத்துட்டாப் போதும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"அவரே சொல்லிட்டாரா?" என்றாள் பெரியவள்.

"ஆமாக்கா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு."

வயிறு பற்றி எரிந்தது. தான் வாய் வலிக்கச் சொன்ன கதையை இவள் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வருவாள். வந்த பிறகு பிள்ளைகள் யாரைச் சுற்றி உட்காரும்? சிங்கத்தைப் பார்த்த சித்தி இருக்கும்போது, சிங்கத்தை டைப் அடித்த பெரியம்மா எதற்கு?

சின்னவள் போனதும் திட்டத்தைப் போட்டாள். நாலாம் நாள்வரை கை ஒழுங்காக ஓடியது. அங்கே ஒரு நிமிடம் நின்றது. ஆகஸ்டில் அந்தத் தாடிக்கார வில்டபீஸ்ட் மாடுகள் செரெங்கெட்டி வனப்பூங்காவின் வடக்கே, மாரா ஆற்றங்கரையில் இருக்கும். தெற்கே அவை மேய்வது பிப்ரவரி வாக்கில். ஆகஸ்டில் தெற்கே போனால் காய்ந்த புல்லைத்தான் பார்க்கலாம். 'செரெங்கெட்டி தெற்கு, மூன்று இரவு' என்று அடித்தாள். வடக்கும் தெற்கும் ஒரே பூங்கா, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? மாடு வரவில்லையென்றால் இயற்கை ஏமாற்றிவிட்டது என்பார்கள். இயற்கைமேல் யார் புகார் எழுதிக் கொடுப்பது?

ஆனால் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திட்டம் வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் வேறொருவர் அதை உரக்கப் படிக்கவேண்டும். போட்டவர் கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் அந்தப் பயணத்தைப் போய்வர வேண்டும். எங்கே இடிக்கிறதோ அங்கே திருத்தம். முன்பொரு முறை விமானம் ஓர் ஓடுதளத்திலும் ஜீப் இன்னோர் ஓடுதளத்திலும் போய் நின்ற கூத்துக்குப் பிறகு, இதைக் கொண்டுவந்தவளே அவள்தான். இப்படியே அவள் ஆப்பிரிக்காவுக்கு அறுநூறு தடவைக்குமேல் போய்வந்திருக்கிறாள்.

அன்று படித்தவர், அலுவலகத்தில் விசா வேலை பார்ப்பவர். அவர் குரலில் சிங்கமும் சரி, குளியலறையும் சரி, ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"நாலாம் நாள். செரெங்கெட்டி தெற்கு. விடிஞ்சதும் ஜீப் பயணம்."

கண்ணை மூடியிருந்த பெரியவளுக்கு ஜீப் தெரிந்தது. சின்னவள் பைனாகுலரோடு எழுந்து நிற்கிறாள். சுற்றிலும் வெறும் புல். புருஷன் "கிளம்பலாமா?" என்கிறான். "இருங்க, அக்கா சொன்னாத் தப்பாது. இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்கிறாள்.

"அஞ்சாம் நாள். அதே இடம்."

அதே புல். அதே சின்னவள். "அக்கா சொன்னாத் தப்பாது."

"ஆறாம் நாள்..."

திட்டித்தொலைக்கவாவது செய்வாளா என்று பார்த்தாள். அந்தப் பாவி திட்டவில்லை. வெயிலில் முகம் கறுத்து, நம்பிக்கையோடு நின்றுகொண்டே இருந்தாள். பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறந்துவிட்டாள்.

"இடிக்குது சார்."

"எங்க?"

"நாலாம் நாள்ல. தெற்கு இல்ல, வடக்கு."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உனக்கா தப்பு வந்துச்சு?"

"கை தவறிடுச்சு சார்" என்று சொல்லித் திருத்தினாள். அதனால் மனம் திருந்திவிட்டாள் என்று யாரும் எண்ணவேண்டாம். சின்னவள் விமானம் ஏறிய நாளில் பெரியவளுக்குப் பிடித்த தலைவலி, அவள் திரும்பி வரும்வரை விடவில்லை.

திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் பழக்கதோஷத்தில் பெரியவளை ஒட்டியே உட்கார்ந்தன. சின்னவளும் நன்றி மறக்கவில்லை.

"அக்கா கையைத்தான் கண்ணுல ஒத்திக்கணும். சொன்ன மாசம், சொன்ன கரை. ரெண்டாவது நாளே மாடுங்க கூட்டங்கூட்டமாக் குதிச்சுது."

பெரியவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சின்னவள் போய்வந்தாலென்ன, பேர் இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்று பட்டது.

"ஆனா ஒண்ணே ஒண்ணு நீங்க சொல்லவே இல்லையேக்கா" என்றாள் சின்னவள். "அந்த நாத்தம்!"

"என்ன நாத்தம் சித்தி?" பெரிய பிள்ளை நிமிர்ந்தது.

"தாண்டும்போது எத்தனையோ மாடு முழுகிடும்ல? பாறை இடுக்குல மாட்டி ஊதிப்போய்க் கிடக்கும். மேல கழுகு. காத்து நம்ம பக்கம் திரும்புச்சோ, தொலைஞ்சோம். துணியை மூக்குல கட்டிக்கிட்டுத்தான் ஜீப்ல உக்காந்திருந்தோம். இதோ, இந்தத் துணிதான். ரெண்டு தடவை துவைச்சும் போகல."

"காட்டுங்க! காட்டுங்க!" பிள்ளைகள் மூன்றும் பெரியவளை விட்டு ஓடி சின்னவள் மடியில் விழுந்தன. துணியை முகர்ந்து "உவ்வே!" என்று ஆனந்தமாகக் கத்தின. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"உங்களுக்குத் தெரியும்தானேக்கா?" சூதுவாது இல்லாமல்தான் கேட்டாள் சின்னவள்.

"தெரியாம என்ன? முன்னாடியே சொன்னா உங்க ஆசை போயிடுமேன்னு விட்டுட்டேன்."

பொய். அறுநூறு தடவை கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கரையில் நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூட மூக்கில் எதுவும் ஏறியதில்லை. கடைசியில் துணி அவள் கைக்கும் வந்தது. முகர்ந்தாள். சோப்பு வாசனையும், அதற்கடியில் லேசாக வேறென்னவோவும். அந்தக் கொஞ்சத்துக்கு அவள் பொறாமைப்பட்டதுபோல் சின்னவளின் முடிக்கும் படவில்லை, பால்கனிக்கும் படவில்லை.

மறுநாள் காலை விசா பார்ப்பவர் முன்னால் ஒரு புதுத் திட்டத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயணி, ஒருவர்" என்று தொடங்கியவர் பெயரைப் பார்த்ததும் நிறுத்தினார். பிறகு அதே தட்டைக் குரலில் தொடர்ந்தார். "நாலாம் நாள். வடக்கு. ஆற்றங்கரை. அஞ்சு இரவு." மறுபடி நிறுத்தினார். "உன் ஓரகத்திக்கு மூணுதானே போட்டே?"

"அவளுக்கு மூணு. எனக்கு அஞ்சு."

"வீட்டுக்காரர் வரலையா?"

"அவருக்கு மேனேஜர் ரூம் இருக்கு சார். நீங்க படிங்க."