வெள்ளிக்கிழமை எண்ணெய்

நாகப்பனின் காருக்குப் பதினேழு வயது. வெள்ளை நிறம் இன்னும் மோசமில்லை. கண்ணாடி ஓரங்களிலும் கதவுகளின் நடுவிலும் ஓடிய பிளாஸ்டிக் பட்டைகளில்தான் கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மகள் காவ்யாவுக்குச் சென்னீர்குப்பம் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். "இந்த வண்டியிலயாப்பா போவணும்?" என்று அவள் கேட்டாள். நாகப்பன் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். கொரட்டூரில் தெரு குறுகல். எதிர்வீட்டு ராஜசேகரனுக்கு எல்லாம் கேட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பர் மழையில் ஏரித் தண்ணீர் அந்தத் தெருவுக்குள் வந்திருந்தது. அன்று காலை ராஜசேகரனின் மனைவி சுசீலா வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. நாகப்பன்தான் அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, பம்பர் முங்கும் தண்ணீரில் முகப்பேர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். அதற்கப்புறம் வண்டி பதினோரு நாள் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. ராஜசேகரன் நன்றி என்று வாயெடுத்தாலே நாகப்பன், "உடு அண்ணாத்தே. நான் இன்னா தோள்லயா தூக்கினு போனேன்? வண்டிதானே போச்சு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

"அப்ப வண்டிக்கே செஞ்சிடறேன். சாவியக் குடு" என்றார் ராஜசேகரன் வியாழக்கிழமை காலையில்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் பெயின்ட் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். உப்புத்தாளால் தேய்த்தார், தின்னரால் துடைத்தார், சுற்றிலும் டேப் ஒட்டிப் பேப்பர் மறைத்து ஸ்ப்ரே அடித்தார். பத்து நிமிஷத்தில் ஈரப் பெயின்ட் அங்கங்கே விலகி, மீன்கண் போல வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. அடியில் எண்ணெய் இருந்தால்தான் அப்படி விழும்.

நாகப்பனைக் கூப்பிட்டார். "இதுல எதனா பூசினியா?"

நாகப்பன் கழுத்தைச் சொறிந்தார். "தேங்காயெண்ணெய். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை."

"எதுக்குய்யா?"

"கோயில்ல அம்மனுக்கு எண்ணெய் சாத்தினா கறுகறுன்னு மின்னுதே. இதுவும் கறுப்பாச்சேன்னு..."

"எத்தினி வருஷமா?"

"வாங்கின நாள்லேர்ந்து."

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுசீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பெயின்ட் அடித்ததெல்லாம் இரும்பு. இரும்பில் எண்ணெய் மேலோடு நிற்கும், ஒரு துடைப்பில் போய்விடும். பிளாஸ்டிக் பதினேழு வருஷமாகக் குடித்திருக்கிறது.

"உடுண்ணா. வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிக்கிறேன்" என்றார் நாகப்பன். அதைக் கேட்டதும் ராஜசேகரன் படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷனுக்குத் திருப்பிச் செய்ய இரண்டு வருஷத்தில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம்.

"ஊறுகா டப்பாவ நான் எப்படிக் கழுவறேன், பாத்திருக்கீங்களா?" என்றாள் சுசீலா.

"நீ வேற."

"ஒரு தடவையில போவாது. சுடுதண்ணி, பாத்திர சோப்பு, அப்புறம் வெயில். வெயில்ல உள்ள இருக்கறது வேர்த்துகினு வெளிய வரும். திரும்பக் கழுவணும். வாசனை போற வரைக்கும் கழுவணும்."

வெள்ளிக்கிழமை நாகப்பன் வேலைக்கு லீவு போட்டார். அடித்த பெயின்டை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, வண்டியை வெயிலில் நிறுத்திச் சுடுதண்ணீரால் கழுவினார்கள். மத்தியானம் பட்டைகளில் பொடிப்பொடியாக எண்ணெய் துளிர்த்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த வீடு மாதிரி தெருவே மணத்தது. "இத்தினி வெள்ளிக்கெழமையும் உள்ளயே கீது பாரு" என்றார் நாகப்பன், கொஞ்சம் பெருமையாகவே. மூன்றாவது தரம் கழுவியபோது தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் சீராகப் படர்ந்தது. ராஜசேகரன் மூக்கை வைத்துப் பார்த்தார். சோப்பு வாசனை மட்டும்தான்.

சனிக்கிழமை பிரைமர் அடித்தார், அது காய்ந்ததும் இரண்டு கை கறுப்பு. ஒவ்வொரு கை அடித்தபின்னும் பத்து நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஒரு குழிகூட விழவில்லை.

ஞாயிறு காலை காவ்யா பட்டுப்புடவையில் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். பிறகு ராஜசேகரனிடம் போனை நீட்டி, "பெரியப்பா, என்னையும் வண்டியையும் சேத்து ஒண்ணு எடுங்க" என்றாள். நாகப்பன் முன்கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, பட்டையருகே கையைக் கொண்டுபோய், புதுப் பெயின்ட் என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டார்.

அவர் மனைவி அங்கம்மா மகளோடு பின்னால் ஏறினாள். சுசீலாவும் பின்கதவுப் பக்கமே போனாள். நாகப்பன் முன்கதவைத் திறந்தார்.

"அன்னிக்குப் பின்னாடி படுத்துகினு வந்தீங்க அண்ணி. வழியில ஒண்ணும் பாத்திருக்க மாட்டீங்க. இன்னிக்கு இங்க குந்துங்க."

சுசீலா முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கினாள். ராஜசேகரன் ஸ்கூட்டரைக் கிளப்பி, சென்னீர்குப்பம் வரை அந்த வண்டியின் பின்னாலேயே போனார்.