மறுப்புப் படிவம்

போன் வந்தபோது அவள் கையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் இடது கண் இருந்தது. அதாவது, அவர் கண்ணாடியின் இடது பக்க லென்ஸ். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. லென்ஸின் பவரைச் சரிபார்ப்பதும் அவள்தான் என்பதால் கடையில் எல்லாருக்கும் அவள் 'பவர் அக்கா'. நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை.

"குழந்தைகள் நல அலுவலகத்துலேருந்து பேசறேங்க. உங்க தம்பி பொண்ணு விஷயமா..."

"எனக்குத் தம்பி கிடையாது." வைத்துவிட்டாள்.

மறுபடி மிஷினுக்குத் திரும்பினாள். விளிம்பு டப்பென்று தெறித்தது. வாத்தியாரின் கண் போயிற்று.

அன்று சாயங்காலம் அதே பெண்குரல் திரும்பவும் வந்தது. தம்பி குடியை விடுவதற்கான மருத்துவமனையில் இருக்கிறானாம். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாம். ஆறு வயதுப் பெண் குழந்தை தற்காலிக இல்லத்தில் இருக்கிறதாம்.

"இந்த மாசம் ஒண்ணாம் தேதியிலேருந்து புதுச் சட்டம் வந்திருக்குங்க. முன்ன மாதிரி குழந்தையை நேரா விடுதிக்கு அனுப்ப முடியாது. அம்மா பக்கம், அப்பா பக்கம், உறவுன்னு யார் இருந்தாலும் பத்து நாளுக்குள்ள கேட்டாகணும். முடியாதுன்னா, நேர்ல வந்து மறுப்புப் படிவத்துல கையெழுத்துப் போடணும். மூணு நாள் ஓடிப்போச்சு. அம்மா பக்கம் யாரும் இல்ல. நீங்க மட்டும்தான்."

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. ஒற்றை அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை கூரையைத் தட்டினார்.

தம்பியைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாக அவன் வந்தது அவள் முன்பு வேலை பார்த்த கடைக்கு. முழு போதையில் கண்ணாடி அலமாரி மேல் சாய்ந்து, அலமாரியோடு சேர்த்து அவள் வேலையையும் கவிழ்த்துவிட்டுப் போனான். அன்றோடு அவனைத் தலைமுழுகினாள்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க" என்றார்.

"என் சதை ஆடல சார். கால்தான் ஆடுது."

எட்டாம் நாள் அரைநாள் லீவு போட்டு, கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடுவோம் என்று கிளம்பினாள். அலுவலர் அவளைவிடச் சின்னவள். மேஜையில் பாதி குடித்த டீயும் கோப்புகளும். படிவம் ஒரே ஒரு பக்கம். பெயர், உறவுமுறை, மறுப்புக்கான காரணம், கையொப்பம். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'குழந்தை பதினெட்டு வயது நிறைந்தபின் இப்படிவத்தைப் பார்வையிடலாம்.'

"இது எதுக்கு?"

"புதுச் சட்டம்தான். தன்னை ஏன் விடுதியில விட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிற உரிமை அதுக்கு உண்டுல்ல?"

பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்க தம்பியோட பழைய கோப்புல பேரு இருந்துச்சு. போன் நம்பர் விசாரிச்சு எடுத்தோம்." அலுவலர் பழுப்பேறிய ஒன்றை இழுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல விடுதியில இருந்தவங்கதானே?"

அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனார்கள். பெண்கள் விடுதி ஊரின் இந்தக் கோடி, ஆண்கள் விடுதி அந்தக் கோடி. அவனை வண்டியில் ஏற்றியபோது அவன் போட்ட கூச்சலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊரிலேயே சித்தப்பா ஒருத்தர் இருந்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றுதான் விடுதியில் பேச்சு. அதை நம்பி இருபத்தெட்டு வருஷம் அவர் வாசல் மிதிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் அவர் இறந்தபோதும் போகவில்லை.

"எங்க சித்தப்பா என்ன காரணம் எழுதிக் கொடுத்தார்னு அதுல இருக்கா?"

அலுவலர் தாள்களைப் புரட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள். "சித்தப்பான்னு ஒருத்தர் பேரே இல்லையே. உறவினர் விசாரணைங்கிற இடத்துல கோடு போட்டிருக்கு. அப்போ கேக்கணும்னு சட்டம் இல்லைங்க. யாரையும் கேட்டிருக்க மாட்டாங்க."

அவள் எழுந்துவிட்டாள். ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள். கேட்காவிட்டால் என்ன, அவராக வந்திருக்கலாமே? வந்து, விடுதி வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால்? கேட்பதற்கு ஆளும் இல்லை. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"இதை எடுத்துடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

அலுவலர் படிவத்தை எடுக்கவில்லை. "அக்கா, உக்காருங்க. பதினெட்டு வயசுல படிச்சுத் திட்டுமேன்னு பயந்து கூட்டிட்டுப் போனா மூணாம் மாசம் திருப்பிக் கொண்டுவந்து விடுவீங்க. அப்படி விட்டவங்களை நான் பாத்திருக்கேன். அதுக்கு இப்பவே வேண்டாம்னு சொல்றது மேல்."

"அப்ப முதல்ல குழந்தையைக் காட்டுங்க."

இல்லத்தில் குழந்தை படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து, ஜிப் போன பையை மடியில் கட்டிப் பிடித்திருந்தது. அங்கே அதற்குச் சிட்டு என்று பெயர். இவளை ஏற இறங்கப் பார்த்தது.

"நீ எத்தனை நாளைக்கு?"

அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்து அது மூன்று வாரத்தில் மூன்று இடம் மாறிய குழந்தை என்று அலுவலர் காதோடு சொன்னாள்.

"தெரியல," என்றாள் இவள். "நான் குழந்தை வளத்ததில்ல. எனக்குக் கோவம் வரும். ஒரு ரூம்தான் இருக்கு."

"நீ யாரு?"

"அத்தை. உங்கப்பாவோட அக்கா."

"அப்பா உன்னைப் பத்திச் சொன்னதே இல்ல."

"நானும் சொன்னதில்ல. கணக்கு சரியாப் போச்சு."

குழந்தை சிரிக்கவில்லை. ஆனால் பையோடு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அவள் உட்கார்ந்தாள். அந்த வாரத்தில் அவள் எழுந்திருக்காமல் அரைமணி உட்கார்ந்தது அந்தப் படியில்தான்.

கூட்டிப்போவது என்று முடிவானபின் தொடங்கிய அலைச்சலைச் சொல்லி மாளாது. பழைய விதிப்படி குழந்தைக்குத் தனி அறை வேண்டும். புதுச் சட்டம் உறவுக்காரர்களுக்குத் தனிக் கட்டில் போதும் என்றது. கட்டில் மாடி ஏற மறுத்தது; காலைக் கழற்றி ஏற்றினார்கள். வேலை நேரத்தில் குழந்தையைத் தெருமுனைப் பகல்நேரக் காப்பகம் மாலை ஏழு மணிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சட்டத்தில் இருந்தது.

"சட்டம் ஏழு மணின்னு சொல்லுது," என்றாள் காப்பகப் பொறுப்பாளர். "சட்டத்துக்கு என்ன, அதுக்கு வீடா வாசலா? எங்க ஆள் ஆறு மணிக்குக் கிளம்பிடும்."

கடைசியில் முதலாளிதான் இறங்கி வந்தார். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் கடையைத் திறந்து அவளை உள்ளே விட்டார்; ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவரே மிஷினை அணைத்தார்.

குழந்தை முதல் மாதம் பையைப் பிரிக்கவில்லை. காப்பகத்தில் ஒரு பையனைக் கடித்தது. ஒரு நாள் இவள் கத்திவிட்டாள். அது கதவருகே பையோடு போய் நின்றது. இவள் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, "கத்தினது தப்பு. ஆனா நீ எங்கயும் போகல" என்றாள். இரண்டு பேரும் அழுது முடித்துச் சாப்பிட்டார்கள்.

அறுபதாம் நாள் அலுவலர் விசாரிக்க வந்தாள். "அத்தை வீடு எப்படி இருக்கு?"

"அத்தை நடந்துகிட்டே இருக்கா," என்றது சிட்டு. "நானும் கூட நடக்கிறேன். கீழ்வீட்டுத் தாத்தா தட்டுறார்."

அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழந்தை அத்தையிடம் ஒரு வருஷம் இருப்பதற்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்க்க அனுமதி வாங்கினான். முதல் ஞாயிறு மாடிப்படியில் காலடி கேட்டது, பாதியில் நின்றது. அவள் கதவைத் திறந்தாள். இளைத்து, தலை நரைத்து, கைப்பிடியைப் பற்றியபடி நின்றான்.

"அக்கா, வரலாமா?"

பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் தொண்டைவரை வந்தது. குழந்தை அவள் இடுப்போரம் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டுக் கேக்கிறியே," என்றாள். "உள்ள வந்து கதவைச் சாத்து, காத்து அடிக்குது."