மூன்றாவது தூண்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "பொருளாதார சுதந்திரம் முக்கியமா, சீக்கிரமே ஓய்வு எடுக்கறது முக்கியமான்னு ஒண்ணு எழுதிக் குடுங்க சார். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கணும். யார் மனசும் நோகக் கூடாது" என்றார். சன்மானம் பற்றிக் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று யோசித்தேன். சம்பளம் நின்றாலும் குடும்பம் ஓடும் என்ற தைரியம் முதலாவது. வேலைக்கே போகாமல் இருப்பது இரண்டாவது. முதலாவது இல்லாமல் இரண்டாவது எப்படி வரும் என்று கேட்பீர்கள். வரும். எனக்கு ஒருவரைத் தெரியும். [தெரியாது. இனிமேல்தான் உருவாக்கப் போகிறேன். கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கிறது.]

2

முதல் தொடக்கம்: 'காலைச் சூரியனின் பொன்னிறக் கதிர்கள் அவருடைய விடுதலை பெற்ற முகத்தில்...' வேண்டாம். அவர் எழுந்திருப்பதற்குள் சூரியன் பாதி வேலையை முடித்திருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: 'நாற்பத்து மூன்று வயதில் அவர் தன் மேலாளரின் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை...' இதுவும் வேண்டாம். இதை அவரே வாரா வாரம் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த மேலாளரின் முகம் இன்னும் கொஞ்சம் வெளிறுகிறது.

மூன்றாவது: பெயின்ட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். பழைய சகாக்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'விடுதலை'. வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியும் அலாரத்தைப் பழைய ஆபீஸ் நேரத்துக்கே வைத்திருக்கிறார். அடித்ததும் அதை அணைத்துவிட்டு, எழுந்திருக்கத் தேவையில்லை என்ற சுகத்தை ஒரு நிமிடம் அனுபவித்துவிட்டு, மறுபடி தூங்கிப்போவார். அந்தச் சத்தத்தில் எழுந்திருப்பவள் அவர் மனைவி.

இது நிற்கும். இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஓய்வு பெற்றவரைக் கதாநாயகனாக வைத்தால் ஒரு தொல்லை. அவர் எதுவும் செய்வதில்லை. இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். மனிதர் சோபாவை விட்டு அசையவில்லை. கதை நகர வேண்டுமென்றால் யாராவது வேலைக்குப் போயாக வேண்டும். ஆகவே மனைவியை அனுப்பினேன்.

[அவருக்கு 'ர்' போட்டுவிட்டு இவளுக்கு மட்டும் 'ள்' எதற்கு என்று கேட்பீர்கள். வேலை செய்கிறவர்களை நாம் வேறு எப்படிக் கூப்பிட்டிருக்கிறோம்?]

அவள் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதனை செய்கிறவள். சத்தம் புகாத சின்ன அறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் நோயாளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் அவள் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நஷ்டஈட்டுக்காகக் காது கேட்காததுபோல் நடிக்கிறவர்களும் வருவார்கள். அவர்களுடைய கையை அவள் பார்ப்பதே இல்லை, கண்ணைப் பார்ப்பாள். ஒலி காதில் விழுந்ததும் கண் லேசாக அசையும். அதை யாராலும் அடக்க முடிந்ததில்லை. [இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.]

இந்த வேலை அவளுக்கு உயிர். ஓய்வு என்ற பேச்சே பிடிக்காது. பிடிக்காத இன்னொன்று, புதிதாக வந்திருக்கும் மேலாளர்.

ஒரு நாள் லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். ஒரு காது மந்தமாக இருக்கிறதாம். எட்டிப் பார்த்தாள், அழுக்கு அடைத்திருந்தது. டாக்டரிடம் அனுப்பி எடுக்கச் சொன்னாள். மனிதர் சிரித்த முகமாக வீட்டுக்குப் போய்விட்டார். உடனே மேலாளரிடமிருந்து அழைப்பு.

"மேடம், அவருக்குக் காதுல மாட்டற மெஷின் ஒண்ணு எழுதியிருக்கலாமே?"

"காது நல்லாத்தான் இருக்கு சார். அழுக்கு அடைச்சிருந்தது, அவ்வளவுதான்."

"அழுக்கை எடுத்தா ஆஸ்பத்திரிக்கு என்ன லாபம்? இனிமே இங்க வர்றவங்க காதுல ஏதாவது ஒண்ணை மாட்டித்தான் அனுப்பணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறோம்."

'முடியாது' என்பது அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்லலாமே என்று நினைத்தாள். வீட்டில்தான் விடுதலை இருக்கிறாரே! "நமக்கு இனிமே பணக் கவலையே கிடையாது" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே!

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வெளியே வந்தாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே, அந்த 'முடியாது'வை எப்படியெல்லாம் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தாள். பணிவாக ஒரு முறை, திமிராக ஒரு முறை, கைப்பையை மூடிக்கொண்டே அலட்சியமாக ஒரு முறை. திமிர்தான் பொருத்தமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தாள். எனக்கும் அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதனால் அடுத்த பகுதியை எழுதக் கை வரவில்லை.

4

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் விடுதலை வீட்டில் வகுப்பு நடக்கும். பழைய சகாக்கள் நான்கைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அவர் நின்றுகொண்டு பேசுவார். அவர் நிற்பது வாரத்தில் அப்போது மட்டும்தான்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வந்துட்டியா? எல்லாருக்கும் டீ போடும்மா" என்றவர் வகுப்பைத் தொடர்ந்தார். "வேலைங்கறது என்ன? அடுத்தவன் வீட்டுக்கு நாம செங்கல் சுமக்கறது. நான் இறக்கி வச்சுட்டேன்."

[எங்கே இறக்கி வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.]

"சுதந்திரத்துக்கு மூணு தூண். ஒண்ணு சேமிப்பு. ரெண்டு சிக்கனம். மூணாவது..." சமையலறைப் பக்கம் கையை நீட்டினார். "அதோ, டீ கொண்டு வருது பாருங்க. அறுபது வயசு வரைக்கும் ஆடாது, அசையாது. மாசம் பொறந்தா சம்பளம், குடும்பத்துக்கே மருத்துவச் செலவு. இப்படி ஒரு தூண் இருந்தா நீங்களும் நாளைக்கே வேலையை விடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும், "அண்ணே, ஒருவேளை அண்ணியும் வேலையை விடணும்னா?" என்றார்.

"அவ எதுக்கு விடணும்? அவளுக்குத்தான் வேலை புடிச்சிருக்கே!"

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவர் குத்திப் பேசவில்லை. மனதாரப் பாராட்டினார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. கொடுமைக்காரராக இருந்திருந்தால் என் பாடு சுலபமாகியிருக்கும்.

அவள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தட்டை மேசைமேல் வைத்தாள். அவர் இறக்கி வைத்ததைத்தான் ஒரு வருடமாகத் தான் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆட்கள் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரில பொய் சொல்லி மெஷின் விக்கச் சொல்றாங்க."

"ம்."

"எனக்கு மனசு வரலை. வேலையை விட்டுடலாம்னு பாக்கறேன்."

"அந்த ரிமோட்டைக் கொஞ்சம் எடும்மா."

5

முடிவு ஒன்று: அவள் திங்கட்கிழமை மேலாளரின் மேசையில் அடையாள அட்டையை வீசி... [கைதட்டல் கிடைக்கும். வாடகை?]

முடிவு இரண்டு: அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல காதுகளில் மெஷின் மாட்டிக்கொண்டே அறுபதை நோக்கி... [இதற்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். அவளுக்கு அல்ல, எனக்கு.]

முடிவு மூன்று: அவள் பக்குவமாக எடுத்துச் சொல்ல, அவர் கண்கலங்கித் திருந்தி... [இதை நானே நம்பவில்லை.]

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. மூன்றிலும் எழுந்து ஏதாவது செய்கிறவள் அவள்தான். அவர் சோபாவில், நான் நாற்காலியில். இந்தக் கதையையும் அவள் தலையில்தான் கட்டியிருக்கிறேன்.

போய் அவளிடமே கேட்டேன். "முடிவை நீங்களே சொல்லிடுங்களேன்."

"நானா? அலாரத்துக்கு எழுந்தது நான், பஸ்ல நின்னது நான், டீ போட்டது நான். முடிவும் நானே போடணுமா? நீங்க என்ன சார் பண்றீங்க?"

பேனாவை மூடி வைத்தேன்.

"ஒண்ணு பண்ணுங்க. அவரை சோபாலேருந்து எழுப்பி என் ரூமுக்கு அனுப்புங்க. அதையாவது நீங்க செய்யுங்க."

6

அனுப்பினேன். இலவசப் பரிசோதனை என்றதும் உடனே கிளம்பிவிட்டார். [இரண்டாவது தூண்.]

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறார். "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினார். குறைத்தாள், தூக்கினார். இன்னும் குறைத்தாள், அதற்கும் தூக்கினார். அருமையான காது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஒலியை நிறுத்திவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"திங்கட்கிழமை நான் முடியாதுன்னு சொல்லப் போறேன். வேலை போயிடும். எனக்கு வேற இடம் கிடைக்கற வரைக்கும் நீங்க ஒரு வேலைக்குப் போறீங்களா?"

அவர் கண் அசைந்தது.

கை மடியிலேயே இருக்கிறது. அவள் காத்திருக்கிறாள். இந்த நேரம் பார்த்துப் பத்திரிகை ஆசிரியர் போனில்: "எது முக்கியம்னு முடிவா ஒரு வரி போட்டு அனுப்பிடுங்க சார்." ஒரு வரி எழுதினால் போதும், அந்தக் கை மேலே போய்விடும். எல்லோருக்கும் நிம்மதி, எனக்குச் சன்மானம்.

அவள் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தையை நானும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். முடியாது. அவருக்காக மற்றவர்கள் தூக்கியது போதும். உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் நீங்களே உள்ளே போய்த் தூக்கிவிடுங்கள். கனமான கதவு, கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டும்.