நீல மெழுகு

எங்கள் ஊர்ப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் பாதை என்று ஒன்று கிடையாது. மலையுச்சிச் சிலுவையிலிருந்து கிளம்பி, எப்படி வந்தாலும் சரி, கீழே மாதா கோயில் மணியை முதலில் அடிக்க வேண்டும். அறுபது வயது முடிந்தவர்களுக்கு மட்டும் இடமில்லை.

என் மனைவி பூர்கிக்கு வரும் மார்ச்சில் அறுபது முடிகிறது. பதினொரு முறை இரண்டாவதாக வந்தவள். பதினொரு முறையும் அவளை முந்தியவள் ரொட்டிக்கடை சென்சி. இந்த வருடத்தை விட்டால் அவ்வளவுதான்.

அவளுடைய சறுக்குப் பலகைகள் வழுக்கி ஓட அடியில் மெழுகு தேய்ப்பது நான். எங்கள் டிரோல் மலைநாடு முழுக்கத் தேடினாலும் என்னைப் போல் ஆள் கிடைக்காது என்று வாய் கிழியப் பேசுவேன். பந்தயத்தன்று காலை எனக்குத் தலை வெடித்தது.

"தெக்கத்திக் காத்து வரப்போகுதோ என்னவோ. அதுக்குத்தானே உனக்கு மண்டை இடிக்கும்?" என்றாள்.

"போடி, நேத்து உங்கண்ணன் ஊத்திக் குடுத்த பேரிக்காய்ச் சாராயம் பண்ற வேலை இது."

கடுங்குளிர்ப் பனிக்கான நீல மெழுகைத் தேய்த்து அனுப்பிவிட்டேன்.

பத்து மணிக்கு வந்தது அந்தச் சனியன். வெதுவெதுவென்று தெற்குக் காற்று. கூரையெல்லாம் சொட்ட ஆரம்பித்தது. ஈரப் பனியில் நீல மெழுகு ஓடவே ஓடாது. அவள் உச்சியில், மாற்று மெழுகோ கீழே கோயில் வாசலில் நிற்கும் என் பையில். ஐயோ, என்ன காரியம் செய்தேன்! போனில் கூப்பிட்டேன்.

"பூர்கி, மெழுகு தப்பாப் போச்சு."

"தெரியுது. நகர மாட்டேங்குது. சென்சி வேற பல்லைக் காட்டிச் சிரிக்கிறா."

"விட்டுடு. கேபிள் கார்ல எறங்கி வந்துடு."

"வாய மூடு, கிழவா." வைத்துவிட்டாள்.

பந்தயம் தொடங்கும் வெடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் வெயில் அடிக்கும் அகலச் சரிவில் பாய்ந்தார்கள். பூர்கி மட்டும் இடப்பக்கம் திரும்பினாள்.

"வழி தப்பிட்டாளா, லொயிஸ்?" பக்கத்தில் நின்ற பாதிரியார் பதறினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கம் வடக்குப் பார்த்த காடு. செங்குத்து. வெயிலும் இந்தக் காற்றும் எட்டாத இடம். பனி இன்னும் உருகாமல் மாவாகவே இருக்கும். மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து இறங்கினாள், பாவி மகள்! நாற்பது வருடம் கூட வாழ்ந்தவன் நான், அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அவள் மணியை அடித்தபோது சென்சி இன்னும் பள்ளிக்கூடத்து மேட்டில்தான் இருந்தாள்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். கண்ணீர் முட்டியது. "மன்னிச்சுக்கடி, தப்பான மெழுகப் போட்டு..."

மூச்சிரைக்க என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "மெழுகு நல்ல மெழுகுதான்யா. அதுக்கேத்த பனியத்தான் நான் தேடிப் போனேன்."