பட்டினி போட்ட செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளைச் செல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. செல்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதுதான் பொருத்தம் என்று யாரோ ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

ரத்தக்கொதிப்பு உள்ள எலிகளின் ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து எடுத்த தசைச் செல்களை வளர்ப்பது அவள் வேலை. ஒரு ஹார்மோன் வந்து செல்லின் மேற்பரப்பைத் தொட்டால், ‘வளரு, பெருகு’ என்று உள்ளே சேதி போகும். செல்கள் பெருகினால் சுவர் தடிக்கும், குழாய் குறுகும், அழுத்தம் இன்னும் ஏறும். ஹார்மோனைத் தொடவிடாமல் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு. அது வளர்ச்சியையும் நிறுத்துமா என்பதுதான் சோதனை. அதே மருந்தைத்தான் அவள் புருஷன் தினமும் காலையில் விழுங்கினான்.

முதலில் செல்களை ஒருநாள் பட்டினி போடவேண்டும். சீரம் என்கிற சத்தான ரத்தநீர் கலக்காத திரவத்தில் வைத்தால் அவை அடங்கிக் கிடக்கும். பிறகு ஒரு தட்டுக்கு ஹார்மோன், இன்னொன்றுக்கு மருந்தும் ஹார்மோனும், மூன்றாவதற்கு ஒன்றுமில்லை.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவளுக்குத் தலை சுற்றியது. மூன்று தட்டிலும் செல்கள் எள் விழ இடமில்லாமல் அப்பிக் கிடந்தன. மருந்து தடுக்கவில்லை, சரி. ஒன்றுமே கொடுக்காத தட்டு ஏன் பெருத்தது? தட்டுகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியதில் மாறிவிட்டதா? மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான்.

மறுநாள் காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“என்ன முழிக்கிற? குடுக்கப்போறியா, வேடிக்கை பார்க்கப்போறியா?” என்றான் புருஷன்.

“இது வேலை செய்யுதான்னே தெரியலங்க.”

“எனக்குத்தான் பிரஷர் குறைஞ்சிருக்கே!”

அதுவும் உண்மைதான். உடம்பு ஒன்று சொல்கிறது, தட்டு வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது? மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை.

மூன்றாம் தடவை தட்டுகளை வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவள், மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். பக்கத்து மேசை ஆராய்ச்சியாளன் அவள் தட்டுகளில் சீரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தான். மாலைப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவன்.

“தம்பி! என்ன பண்றீங்க?”

“நீங்க சீரம் போட மறந்துட்டீங்கக்கா. பாவம், செத்துருமேன்னு நான்தான் தினமும் ஊத்துறேன்.”

“அய்யோ, அதுங்க பட்டினி கிடக்கணும்யா!”

அவன் முகம் செத்துப்போனது. திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ‘பட்டினி நடக்கிறது, யாரும் இரக்கப்பட வேண்டாம்’ என்று எழுதிக் கதவில் ஒட்டினாள்.

நாலாம் தடவை ஒன்றும் கொடுக்காத தட்டு அடங்கிக் கிடந்தது. ஹார்மோன் தட்டு பொங்கியது. ஆனால் மருந்துத் தட்டு பாதிதான் அடங்கியிருந்தது. மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தாள். மீதிப் பாதி வளர்ச்சி அப்போதும் நிற்கவில்லை.

“அப்ப மாத்திரை வேலை செய்யுதா, இல்லையா?” என்றான் புருஷன்.

“செய்யுது. ஆனா மிச்ச சேதி வேற எந்த வழியா உள்ள போகுதுன்னு புரியல.”

“எனக்கு நல்ல சேதியா, கெட்ட சேதியா?”

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க இன்னும் குழம்பியது.

“மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க,” என்றாள்.