வாயை மூடவே கூடாத நோயாளி

1.

இந்தக் கதை மருத்துவமனை கேன்டீனில் கிடைத்தது. சித்தி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமான நாள்லேர்ந்து வாயை மூடுங்கன்னு கெஞ்சறேன். இன்னிக்கு ஒரு டாக்டர் வந்து, மூடவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போறாரு." சிரித்துவிட்டு உடனே எழுத உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்நேரம் உள்ளே சித்தப்பாவின் கழுத்தைத் திறந்திருந்தார்கள்.

2.

முதல் தொடக்கம்: கழுத்தில் ஓடும் செந்நிற நதி அன்று...

(வேண்டாம். சித்தப்பா படித்தால் எழுந்து போய்விடுவார்.)

இரண்டாவது: சித்தப்பா ஏலக்காரர். போன மாதம் ஏலத்தின் நடுவே இடது கண்ணில் திரை இறங்கினாற்போல இருட்டியது. சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. அதற்குள், சும்மா தலையைச் சொறிந்த ஒருவருக்கு ஒரு பியானோவை விற்றிருந்தார். (உண்மையில் தையல் இயந்திரம். பியானோ என்றால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பீர்கள் என்று பார்த்தேன்.)

இடது கழுத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கொழுப்பால் அடைத்திருந்தது. விட்டால் பக்கவாதம் வரலாம். "திறந்து வழிச்சு எடுத்துடலாம்" என்றார் மருத்துவர். கழுத்தை மட்டும் மரத்துப்போக வைப்பார்கள், ஆள் விழித்திருப்பார். குழாயைக் கவ்வியால் பிடித்து ரத்தத்தை நிறுத்தியிருக்கும் நேரத்தில், மற்ற குழாய்கள் வழியாக மூளைக்கு ரத்தம் போதுகிறதா என்று அவர் பேச்சும் வலது கையும்தான் சொல்ல வேண்டும். அதற்காக அந்தக் கையில் ஒரு ரப்பர் வாத்து. அமுக்கினால் கீச்சிடும்.

3.

நான் உள்ளே இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா பிறகு சொன்னதை எழுதுகிறேன்.

"பேசிக்கிட்டே இருங்க சார்."

"என்னத்தைப் பேச?"

"உங்க தொழிலைத்தான்."

சித்தப்பா தலைக்கு மேலிருந்த விளக்கை ஏலம் விட்டார். "சூரியனுக்குத் தம்பி! நிழலே விழாது! யார் கேக்கறீங்க?" நர்ஸ் ஒரு விலை கேட்டார். மருத்துவர் அதற்கு மேல் கேட்டார். "டாக்டர், நீங்க வாயாலயே கேளுங்க. தயவுசெஞ்சு கையைத் தூக்கிடாதீங்க!"

நர்ஸ் இன்னும் ஏற்றிக் கேட்டார்.

கவ்வி இறங்கியது.

"ஒரு தரம்... ரெண்டு..."

அவ்வளவுதான். வாத்தும் சத்தம் போடவில்லை.

(இங்கே மௌனத்தைப் பற்றி ஓர் அழகான வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.)

"சார், அமுக்குங்க. சார்!"

கை அசையவில்லை. மருத்துவர் ஒரு மெல்லிய குழாயை அடைப்புக்குக் கீழும் மேலும் செருகி, ரத்தத்துக்கு மாற்றுவழி போட்டார். எல்லோரும் வாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கீச்.

"...தரம்" என்றார் சித்தப்பா. "மூணு தரம். விளக்கு நர்ஸம்மாவுக்கு."

4.

வழித்தெடுத்துத் தைத்தாயிற்று. கை கால் நலம். ஆனால் மறுநாள் குரல் காற்றாக வந்தது. குரலுக்கான நரம்பு அசங்கியிருக்கிறதாம். பெரும்பாலும் திரும்பிவிடும் என்கிறார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

முடிவு அ: குரல் திரும்புகிறது, ஏலக் கூடம் அதிர்கிறது. முடிவு ஆ: திரும்பவில்லை, சித்தி மேடையேறி... (சித்தி, "என்னை ஏண்டா இழுக்கறே?" என்றாள்.)

இரண்டையும் படித்துக் காட்டினேன். சித்தப்பா உதட்டைப் பிதுக்கிவிட்டு, விரலால் சித்தியைக் கிட்டே கூப்பிட்டார். கூடம் முழுக்கக் கேட்கப் பேசியே பழகினவர். சித்தி குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் முகம் சிவந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சித்தி சொன்னார்?"

"உனக்கில்லை."

எனக்கில்லாததை நான் எப்படி எழுதுவது? இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குக் கேட்டிருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்:

"                                        "