தெல்மாவின் மண்வெட்டிக் காம்பு

இரவல் மண்வெட்டியால் வேரை நெம்பக் கூடாது என்பது இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தோட்டம் போடும் எல்லோருக்கும் தெரியும். சிரிலுக்கு இன்னும் நன்றாகவே தெரியும்; அதை ஊருக்கெல்லாம் உபதேசித்துத் திரிந்ததே அவர்தான். அப்படிப்பட்டவர் கையில்தான், பட்டுப்போன கூஸ்பெரிப் புதரின் வேரை நெம்பும்போது, தெல்மாவின், காலால் மிதித்துத் தோண்டும் மண்வெட்டியின் காம்பு படாரென்று முறிந்தது.

நகரசபை வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் தெல்மாவுடையதும் அவருடையதும் அடுத்தடுத்தவை. மண்வெட்டியை அவரிடம் இரவல் கொடுத்துவிட்டுத் தெல்மா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். முன்பு தன் செடி வெட்டும் கத்தரிக்கோலை இரவல் வாங்கித் துருப்பிடிக்க விட்ட ஒரு மனிதருக்கு அவள் இன்றுவரை காலை வணக்கம்கூடச் சொல்வதில்லை. சிரிலுக்கோ, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று அவளோடு வம்பளப்பதுதான் நாளிலேயே உருப்படியான காரியம். அதை ஒரு மரத்துண்டுக்காக இழக்க அவருக்கு மனமில்லை.

முறிந்த காம்பை அடுப்பில் போட்டு முதலில் தடயத்தை அழித்தார். ஆணியைத் துளைத்து எடுத்து, இரும்புக் குழலுக்குள் சிக்கிய கட்டையை நோண்டி வெளியேற்றினார். கடையில் வாங்கிய புதுக் காம்பின் நுனியை அரத்தால் ராவிச் செருகி அறைந்தார். அசைத்துப் பார்த்தால் பாறை. ஆனால் நிறம்? உரித்த முட்டை மாதிரி பளீரென்றிருந்தது. சிரில் கெட்டியாகத் தேநீர் போட்டு, ஆளுக்கொரு கோப்பையாகத் தனக்கும், சாயமேறக் காம்புக்கும் பங்கிட்டார். காய்ந்தபின் அடுப்புக்கரியைத் தடவி, ஆளிவிதை எண்ணெய் பூசினார். தன் திருட்டுத்தனத்தைக் கண்டு அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

தெல்மா திரும்பி வந்தாள். உருளைக்கிழங்குக்குப் பள்ளம் எடுக்க மண்வெட்டியை ஊன்றியவள், நிமிர்ந்தாள். மறுபடி ஊன்றினாள்.

"சிரில், இது வளந்திருக்கா?"

"மண்வெட்டி எங்கயாவது வளருமா?"

"கைப்பிடி விலாவுக்கு வருதே. எப்பவும் இடுப்புக்குத்தான வரும்?"

அவள் உயரத்துக்கு ஏற்றபடி பழைய காம்பு குட்டையாக்கப்பட்டிருந்தது சிரிலுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் மட்டும் முந்திக்கொண்டது.

"வயசானா எல்லாரும் சுருங்கத்தான் செய்வோம் தெல்மா. நானே இப்பல்லாம் கால்சட்டைய மடிச்சுதான் போடறேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. கொட்டகைக் கதவோரம் போய் நின்று, உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, நிலையோடு அளந்து பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எலும்பு தேஞ்சு, முதுகு வளைஞ்சு, கடைசில என் மூஞ்சியப் பாக்கக்கூட அவளால நிமிர முடியல." தலைமேலிருந்த கையை இறக்கினாள். "தோட்டத்த இப்பவே திருப்பிக் குடுத்துடறதுதான் நல்லது."

வானிலையைப் பற்றிப் பேசுவதைப் போலத்தான் சொன்னாள். சிரில் வேலியைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"நீ சுருங்கல."

"பொய் சொல்லாத."

"பொய் இவ்வளவு நேரம் சொன்னதுதான். உன் காம்ப நான் முறிச்சுட்டேன். இது வேற. தேத்தண்ணி பூசி வச்சிருக்கேன்."

தெல்மா காம்பை மூக்கருகே கொண்டுபோனாள்.

"நெம்புனியா?"

"நெம்புனேன்."

"நீயா? ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்த நீயா?"

"நானேதான்."

"கிறுக்குப் பயலே! ஒரு நிமிஷத்துல என்னைக் கூனியாக்கிட்டியே!" சொல்லிவிட்டுக் கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சிரிலுக்குப் புலப்படவில்லை, கேட்கும் துணிச்சலும் இல்லை. "தேத்தண்ணில பாலு சேத்தியா?"

"இல்ல."

"அந்த மட்டுக்குமாவது மூளை இருந்துதே. ரம்பத்த எடு."

அவள் கையைத் தொங்கவிட்டு நேராக நின்றாள். சிரில் அவள் இடுப்பு மட்டத்துக்கு அளந்து, ஆணியை மறுபடி கழற்றி, காம்பின் அடிப்பக்கத்தை அறுத்தார். "கோணுது, கோணுது" என்று அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விரட்டினாள். மறுபடி ராவி, செருகி, ஆணி அறைந்து முடிக்கும்போது இருவர் மேலும் மரத்தூள்.

தெல்மா மண்வெட்டியை ஊன்றி மிதித்தாள். கைப்பிடி இடுப்புக்கு வந்தது. திரும்பிப் பார்க்காமல் தோண்டிக்கொண்டே போனாள். மன்னிப்பா தண்டனையா என்று தெரியாமல் சிரில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன நட்டுவச்ச மாதிரி நிக்கற? பள்ளம் தூந்துடும். கிழங்கப் போடு."

சிரில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு குனிந்து, முளை மேலே பார்க்க, ஒவ்வொரு கிழங்காகப் பள்ளத்தில் வைத்துக்கொண்டே அவள் பின்னால் போனார்.